பச்சை விளக்குக்குப் பிறகு

வலது கால் ஷூவுக்குள் சுலபமாகப் போய்விட்டது. இடது கால்தான் முரண்டு பிடித்தது. அவள் தரையில் மண்டியிட்டு, ஒரு கையால் அப்பாவின் குதிகாலைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் ஷூவின் பின்பக்கத்தை விரித்துப் பார்த்தாள். விறைத்துப் போன கால் வளைந்து கொடுக்கவில்லை. படுத்திருப்பவருக்கு எதற்கு ஷூ என்று பக்கத்து வீட்டுக்காரர் முணுமுணுத்தார். ஷூ போடாமல் என் தம்பி ஒருநாளும் படி இறங்கினதில்லை, இன்றைக்கு மட்டும் வெறுங்காலோடு போவானா என்று அத்தை ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

நாடாவை முழுக்க உருவிவிட்டு மறுபடி முயன்றபோதுதான் ஷூவின் முனை கண்ணில் பட்டது. பெருவிரல் இருக்கும் இடத்தில் தோல் தேய்ந்து உள்துணி தெரிந்தது. அடிப்பாகமும் முன்பக்கம் மட்டும் சரிவாகக் கரைந்திருந்தது. அப்பாவின் வலது காலை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். அந்த ஷூ எல்லோருடையதையும் போலக் குதிகாலில்தான் தேய்ந்திருந்தது.

இடது காலை இழுத்து இழுத்து நடந்திருக்கிறார். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்காக.

இதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மனிதர்களின் நடையைப் படிப்பதுதான் அவளுடைய பிழைப்பே. எல்லைச் சாவடிகளுக்காக ஒரு மெஷினைத் தயார் செய்யும் ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் தலைமை ஆராய்ச்சியாளர். முகத்தை மறைத்துக்கொள்ளலாம், ரேகையைத் தேய்த்துவிடலாம், நடையை என்ன செய்ய முடியும்? தோள் ஆடும் விதம், முழங்கால் மடங்கும் அளவு, இவற்றை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் மெஷின் அது. கீழே ஒரு நீளமான நடைபாதை, அதன் முடிவில் பொய்க்கு ஒரு எல்லைக் கதவு. தெரிந்த ஆள் நடந்து வந்தால் பச்சை விளக்கு எரியும், தெரியாதவர் என்றால் சிவப்பு. மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து அவள் திரையைப் பார்ப்பாள். திரையில் முகம் கிடையாது, கறுப்பு நிழலுருவம் ஒன்று நடக்கும், அவ்வளவுதான்.

நடந்து காட்ட வெளியாட்கள் வேண்டும் என்று கேட்டபோது முதலில் வந்து நின்றவர் அப்பா. பெரிய அலுவலகம் ஒன்றில் காலமெல்லாம் லிப்ட் ஓட்டியவர். "ஆயுசு பூரா நின்ன இடத்துலயே மேல போனேன், கீழ வந்தேன். இப்பத்தான் என்னை நடக்கச் சொல்லிக் கூப்பிடுறாங்க" என்று எல்லோரையும் சிரிக்க வைப்பார். அம்மா போன பிறகு தனியாக இருந்தவருக்கு வியாழக்கிழமை என்றால் திருநாள் மாதிரி. தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருவார்.

மெஷினை ஏமாற்றப் பார்ப்பதும் அங்கே வேலையின் ஒரு பகுதி. அதில் அப்பாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஷூவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு நொண்டினார். ஒருநாள் வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு பிள்ளைத்தாச்சி மாதிரி அசைந்து அசைந்து வந்தார். தலைகீழாக நின்றும் பலிக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் பச்சைதான். "சண்டாள மெஷின், விடமாட்டேங்குதே" என்று திட்டிக்கொண்டே போவார். ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குக் கடத்தல்காரர் என்றே பெயர் வந்துவிட்டது.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை சிவப்பு எரிந்தது.

கூடமே கைதட்டியது. அவள் படியிறங்கி ஓடிப்போய், "எப்படிப்பா செஞ்சீங்க? மெஷின் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டீங்களே" என்றாள். அப்பா ஒரு நொடி அந்த விளக்கையே பார்த்தார். பிறகு சிரித்தார். "தொழில் ரகசியம்மா, சொல்லமாட்டேன்" என்றார். அடுத்த வாரமும் சிவப்பு, அதற்கடுத்த வாரமும். இவ்வளவு நேர்த்தியான ஏமாற்று நடையை யாரும் கண்டதில்லை. அந்த இடது கால் நடையை அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்று அவளும் அவள் ஆட்களும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மாதக்கணக்கில் மெனக்கெட்டு மெஷினுக்கு அந்த நடையையும் பழக்கினார்கள். போன வியாழக்கிழமை மறுபடி பச்சை எரிந்தது. கண்ணாடி அறையில் அவள் துள்ளிக் குதிக்காத குறை. அன்று சாயங்காலம் போனில், "மாட்டிக்கிட்டீங்களா கடத்தல்காரரே" என்று கேலி செய்தாள். அப்பாவும் சிரித்தார். அதுதான் அவரோடு கடைசிப் பேச்சு.

நேற்று, மயங்கி விழுந்த அப்பாவைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். தலைக்குள் கட்டி. மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது என்றார். "நடையில முன்னாடியே தெரிஞ்சிருக்குமே. வீட்டுல யாரும் கவனிக்கலையா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அந்த நடையை அவள் கவனித்த மாதிரி இந்த உலகத்தில் வேறு யாரும் கவனித்திருக்க முடியாது.

இப்போது அவளை அரித்தது ஒரே கேள்விதான். அப்பாவுக்குத் தெரியுமா? அது வித்தை என்று அவரும் நம்பினாரா, அல்லது தெரிந்தே அவளோடு சேர்ந்து சிரித்தாரா?

வண்டி வரத் தாமதமானது. வந்தவர்கள் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்கள். அறையில் அவளும் அத்தையும் அப்பாவும் மட்டும்தான். அவள் அந்த ஷூவை அத்தையிடம் நீட்டினாள். அத்தை அதை வாங்கி, தேய்ந்த முனையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு தடவை குளியலறையில விழுந்துட்டான். டாக்டர்கிட்ட போடான்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். உனக்காவது சொல்றேன்னு போனைக் கையில எடுத்தேன். பேச விடலையே பாவி."

"ஏன்?"

"உனக்குத் தெரிஞ்சா, அங்க வரவேணாம்னு சொல்லிடுவியாம். 'வாரத்துல ஒருநாள், நான் நடந்து முடிக்கிற வரைக்கும் எம்பொண்ணு என்னை மட்டும் பார்த்துக்கிட்டு இருக்கா அக்கா, அதைக் கெடுத்துடாதே'ன்னான். நான் என்னத்தைப் பேச?"

அழுகை வரும் என்று அவள் நினைத்தாள், வரவில்லை. அத்தை ஷூவின் நாக்கை வெளியே இழுத்து, பின்பக்கத்தைக் கையால் மடக்கி, எப்படியோ அந்தக் காலுக்குள் நுழைத்துவிட்டாள். நாடாவை அவள் கட்டினாள். அப்பா எப்போதும் போடுகிற மாதிரி இரட்டை முடிச்சு.

வண்டி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டார். குறுகலான படிக்கட்டில் திரும்பும்போது, பார்த்து, பார்த்து என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மளமளவென்று முடிந்துவிட்டது.

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் அவள் வேலைக்குப் போனாள். இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருந்திருக்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டில்தான் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அவள் மேலே ஏறிப்போனாள். கேமராக்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் மட்டும் கண்ணாடி அறைக்கு வந்து, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தயங்கி நின்றார். இறந்தவரின் நடையை மெஷினிலிருந்து எடுத்துவிடுவது அங்கே வழக்கம். போய்ச் சேர்ந்தவர் கணக்கில் வேறு யாரும் எல்லை தாண்டிவிடக் கூடாதல்லவா.

"நான் எடுத்துடட்டுமா மேடம்? நீங்க செய்ய வேணாம்."

"கேமரா எடுத்த அசல் படம் இருக்கா? நிழலுருவம் இல்ல, அசல்."

இருந்தது. அவர் அதைத் திரையில் போட்டுவிட்டு ஓசைப்படாமல் வெளியே போனார். கால் எந்த வாரம் இழுக்க ஆரம்பித்தது என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் கேட்டாள். அதற்காவது ஒரு பதில் கிடைக்கட்டும் என்று.

முதலில் போன வாரத்துப் படம். அப்பா வந்தார். நீல நிறச் சட்டை, கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டு. நிழலுருவத்தில் அந்தச் சட்டையை அவள் பார்த்ததே இல்லை, அவளேதான் வாங்கித் தந்தது. முகத்தில் வேர்வை. சுவரைத் தொடாமல் நடந்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். கதவை நெருங்கினார். பச்சை எரிந்தது. மெஷினுக்கு அதோடு வேலை முடிந்தது, அதற்கப்புறம் உள்ளதை அது வெட்டிவிடும். அசல் படம் வெட்டுப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா கதவுக்குள் போகவில்லை. திரும்பி, மேலே இருக்கும் கண்ணாடி அறையை அண்ணாந்து பார்த்தார். கையை உயர்த்தி ஆட்டினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆட்டினார். படத்தின் மேல் ஓரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தலை தெரிந்தது, திரையின் மேல் குனிந்தபடி. பச்சை விளக்கு அணையும்வரை அப்பா காத்திருந்தார். பிறகு கையை இறக்கி, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, டீ வைத்திருக்கும் மேசைப் பக்கம் போனார்.

அதற்கு முந்தின வாரத்தைப் போட்டாள். சிவப்பு விளக்கு, அதே கை. தலையணை கட்டிக்கொண்டு வந்த நாளைத் தேடிப் போட்டாள். அன்று அப்பா நன்றாகத்தான் நடந்தார். கதவருகே நின்று வயிற்றுத் தலையணையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை உயர்த்தினார்.

பெரியவர் கதவைத் தட்டி எட்டிப் பார்த்தார். எடுத்துடலாமா என்று கேட்கவில்லை. அவள் எழுந்து நாற்காலியைத் திரையிலிருந்து விலக்கி, கண்ணாடியைப் பார்த்தபடி திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். கீழே நடைபாதை விளக்குகள் யாராவது நடந்து வந்தால்தான் எரியும். அங்கே இருட்டாக இருந்தது.