நூற்றுப் பத்துக்குக் கொஞ்சம் மேலே

திங்கட்கிழமை காலை எடைக்கருவியில் ஏறி நின்றபோது மறுபடியும் நூற்றுப் பதினெட்டு காட்டியது. முப்பத்தாறாவது நாளாக அதே எண். இறங்கி, கருவியை ஓரடி தள்ளிவைத்து, மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு ஏறினேன். நூற்றுப் பதினெட்டு. குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் என் தம்பி சிரிப்பை அடக்குவது கேட்டது.

"அக்கா, மூச்சுக்கெல்லாம் எடை கிடையாது. வெளிய வா, எனக்கு நேரமாச்சு."

அவனுக்கும் எனக்கும் ஒரே வாரத்தில்தான் இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு மாதத்தில் அவன் நூற்று ஐம்பத்திரண்டிலிருந்து நூற்று நான்குக்கு இறங்கிவிட்டான். அவன் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்த ஒருவர், "இங்க குண்டா ஒருத்தர் இருப்பாரே, உங்க அண்ணனா?" என்று அவனிடமே விசாரித்தாராம். அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லி மாய்ந்தான். நானும் சிரித்தேன். என்னை யாரும் இன்னும் அப்படி விசாரிக்கவில்லை.

எனக்கு அவசரம் இருந்தது. கட்டடம் கட்டும் இடத்தில் பதினோரு வருடம் கோபுரக் கிரேன் ஓட்டியவள் நான். கண்ணாடிப் பெட்டி மாதிரியான அந்தக் கேபினில் உட்கார்ந்தால் எனக்கு உடம்பே இருக்காது. இரண்டு நெம்புகோல், கீழே எறும்பு மாதிரி மனிதர்கள், அவ்வளவுதான். ஏணியில் ஏறும்போது மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட் நூற்றுப் பத்துக் கிலோவுக்கு மேல் தாங்காது என்று போன வருடம் என்னைத் தரையிறக்கினார்கள். அன்றிலிருந்து கீழே நின்று கையசைத்து, வாக்கிடாக்கியில் பேசி, பாரத்துக்கு வழிசொல்லும் வேலை.

அந்தத் திங்கட்கிழமைதான் புதுக் கிரேனின் முதல் துண்டு லாரியில் வந்தது. வர்ணம் காய்ந்த வாசனைகூடப் போகவில்லை. பொறியாளர் பக்கத்தில் வந்து நின்றார். அஞ்சு வாரத்தில் நிமிர்த்திவிடுவோம், அதற்குள் நூற்றுப் பத்துக்குக் கீழே வந்தால் கேபின் உங்களுக்குத்தான் என்றார். அந்த இரும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், புதுச் சைக்கிள் வாங்கிய பிள்ளை மாதிரி.

வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு பண்ணிவிட்டேன். ஏற்கெனவே சாப்பிடுவது அரைக் கிண்ணம்தான். அதையும் நிறுத்தினால்? தம்பிக்குத் தெரியாமல் முட்டையைத் துணியில் சுற்றிக் குப்பையில் போட்டேன். தண்ணீரும் எடைதானே என்று அதையும் குறைத்தேன். இரண்டு நாள் ஓடியது. புதன்கிழமை காலை எண் நூற்றுப் பதினாறு காட்டியதும் குளியலறையிலேயே குதித்தேன்.

அன்று மதியம் பழைய கிரேனில் ஒரு கம்பிக்கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நான் கையசைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தலை சுற்றித் தரை சாய்ந்தது. கொஞ்சம் தள்ளி நாலு பேர் பலகை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "நிறுத்து" என்று வாக்கிடாக்கியில் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு மண்ணில் உட்கார்ந்திருந்தேன். கம்பிக்கட்டு ஒரு மாடி உயரத்தில் அசையாமல் நின்றது.

பொறியாளருக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். எத்தனை நாளாக என்றார். அதையும் சொன்னேன்.

"பட்டினியோட வர்றவங்களுக்கு என் சைட்ல மேலயும் வேலை கிடையாது, கீழயும் கிடையாது. போங்க. டாக்டர் எழுதிக் குடுத்தா வாங்க."

தம்பி கடையைப் பாதியில் விட்டு வந்து என்னை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனான். குளுக்கோஸ் ஏற்றி, அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பார்த்து முடித்த பிறகு, உணவு ஆலோசகர் வந்தாள். சின்னப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். திட்டுவாள் என்று நினைத்தேன். அளவு நாடாவை எடுத்து என் இடுப்பைச் சுற்றினாள். போன மாதத் தாளோடு ஒப்பிட்டுக் காட்டினாள். எடை நின்ற அதே நாட்களில் இடுப்பு ஏழு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. நடுவில் இப்படி எடை நிற்பது நிறையப் பேருக்கு நடப்பதுதான், ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு வேகம், தம்பியின் வேகம் உங்களுக்கு வராது என்றாள். இரண்டு நாளில் போன இரண்டு கிலோ வெறும் தண்ணீர், குடித்ததும் திரும்பிவிடும் என்றும் சொன்னாள். எப்போது நூற்றுப் பத்து வரும் என்று கேட்டேன்.

"தெரியலக்கா. வரும். ஆனா அஞ்சு வாரத்துல வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

ஏனோ அந்தத் "தெரியல" எனக்குத் தைரியமாக இருந்தது.

வீட்டில் தம்பி எடைக்கருவியின் பேட்டரியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டான். முட்டை, தயிர், வேகவைத்த மீன் என்று சின்னக் கிண்ணத்தில் வேளை தவறாமல் சாப்பிட்டேன். அடுத்த வாரம் டாக்டர் எழுதிக்கொடுத்தார், வேலைக்குத் திரும்பினேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது, கால் அதைவிட. எங்கள் வீடு ஐந்தாவது மாடி, படியில் ஏற ஆரம்பித்தேன். முதல் நாள் இரண்டாவது மாடியோடு லிஃப்டைத் தேடினேன். பத்தாம் நாள் நாலாவது மாடி. ஒரு சாயங்காலம் தம்பி லிஃப்டில் ஏற, நான் படியில் ஏறினேன். லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று வந்தது. அவன் கதவைத் திறந்து வெளியே வந்தபோது நான் வாசலில் சாவியோடு நின்றேன். மூச்சு வாங்கியது, ஆனால் சிரிக்கவும் முடிந்தது. அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நான் படியில ஏறுனா மூணாவது மாடிலயே படுத்துடுவேன்க்கா. உனக்கு எப்ப இவ்ளோ தம் வந்துச்சு?"

பிறகு குனிந்து ஷூ நாடா கட்ட முடிந்தது. பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் ஒரு ஆள் தாராளமாக உட்கார்ந்தார். ஒவ்வொரு நாளும் இன்று என்ன புதிதாக முடியப்போகிறதோ என்று விடிவதற்கு முன்பே விழிப்பு வந்தது.

ஐந்தாவது வாரக் கடைசியில் கம்பெனி மருத்துவ அறையில் எடை பார்த்தார்கள். நூற்றுப் பதிமூன்று. எண் நகர்ந்துவிட்டது என்ற சந்தோஷம் முதலில் வந்தது. நகர்ந்தது போதவில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. கேபினுக்கு வேறொருவரை எடுத்திருந்தார்கள். நல்ல பையன், எனக்குக் கீழே பயிற்சி எடுத்தவன்தான். கைகுலுக்கி வாழ்த்தினேன். கழிப்பறையில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பொறியாளர் வெளியே காத்திருந்தார். பதினாலாவது தளத்தில் இன்று கான்கிரீட் வேலை, அங்கே நின்று வழிசொல்ல கேபினிலிருந்து என்ன தெரியும் என்ன தெரியாது என்று அறிந்த ஆள் வேண்டும் என்றார். ஆட்களை ஏற்றும் லிஃப்ட் இன்னும் மாட்டவில்லை.

"படிதான். ஏறுவீங்களா?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

ஏழாவது மாடியில் தண்ணீர் குடித்தேன். பத்தில் உட்கார்ந்தேன். பன்னிரண்டில் தொடை நடுங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எனக்கே எனக்கு மட்டும் கேட்கும்படி சிரித்தேன். பதினாலில் கால் வைத்ததும் காற்று முகத்தில் அறைந்தது. ஒரு வருடமாக இந்தக் காற்று என் மேல் படவில்லை. எறும்புகள் கீழே, லாரிகள் தீப்பெட்டிகள்.

கேபின் என் தலைக்கு மேலே, இன்னும் இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அந்தப் பையன் கையசைத்தான். வாக்கிடாக்கி கரகரத்தது.

"அக்கா, நீங்களா? மேலயா?"

"நான்தான். வாளிய இறக்கு. அவசரமில்ல, மெதுவா."

வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பி, அசைத்தேன். கான்கிரீட் வாளி வானத்திலிருந்து விரற்கடை விரற்கடையாக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.