இரண்டு மடங்குத் தேன்

தம்பி அவள் கொடுத்தனுப்பிய கஷாயப் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து தையல் மேசையில் வைத்ததும் கஷாயக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. மூடியைக்கூட யாரும் திறந்து பார்த்திருக்கவில்லை. தையல் கூடத்தில் அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. யார் தும்மினாலும் அவள் வீட்டு அடுப்பு எரியும். இஞ்சி, மிளகு, அதிமதுரம், துளசி எல்லாவற்றையும் தட்டிப் போட்டு, நாலு பங்குத் தண்ணீர் ஒரு பங்காகச் சுண்டும்வரை பக்கத்திலேயே நிற்பாள். வடிகட்டி, ஆறவைத்து, கடைசியில் தேன். குழந்தைகளுக்கென்றால் காரம் தெரியக்கூடாது என்று தேன் இரண்டு மடங்கு. தம்பி மகளுக்கும் அப்படித்தான் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள்.

“ஏழு மாசக் குழந்தைக்குத் தேன் கூடாதாம்க்கா. எம் பொண்டாட்டி வேணாம்னுட்டா” என்றான் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டே.

நேற்று வந்தவள் எனக்குப் பாடம் எடுக்கிறாளா? நான் கொடுத்தால் விஷமா? இத்தனை வருஷமாகக் குடித்தவர்களெல்லாம் படுத்த படுக்கையாகவா கிடக்கிறார்கள்? கஷாயக்கா பொரிந்து தள்ளியதில் பக்கத்து மெஷின்கள் நின்றுவிட்டன. தம்பி வாயில்லாப் பூச்சி, அவனிடம் கத்திப் பிரயோஜனமில்லை. மருந்துக்கடைக்காரர் வாயாலேயே சொல்லவைத்து அவள் மூக்கை உடைக்கிறேன் என்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

மருந்துக்கடைக்காரரும் அவள் கஷாயத்தைக் குடித்தவர்தான். ஆனால் குழந்தையின் வயதைக் கேட்டதும் மனிதர் பாட்டிலை ஓரமாக நகர்த்திவிட்டார்.

“ஒரு வயசு முடியற வரைக்கும் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாதும்மா. அதுல ஒரு கிருமி இருக்கலாம். நம்மள ஒண்ணும் பண்ணாது. பச்சைக் குழந்தைக்குக் கை கால் துவண்டு மூச்சே நின்னுடலாம்.”

சுத்தமான தேன் என்றாள். சுத்தமானாலும் அப்படித்தான் என்றார். காய்ச்சினால்? வீட்டு அடுப்பில் எவ்வளவு காய்ச்சினாலும் போகாது என்றார். உலகத்தில் இத்தனை பேர் இருக்க, தம்பி பெண்டாட்டி சொன்னதுதானா சரியாக இருக்கவேண்டும் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம்தான் இன்னொரு பாட்டில் நினைவுக்கு வந்தது. அன்று காலை பட்டன் தைக்கும் பெண் லீவு சொல்ல வந்தபோது, அவளுடைய ஐந்து மாதப் பிள்ளைக்குச் சளி என்று கேட்டு இவளே வலியப் போய் ஒரு பாட்டிலைக் கையில் திணித்திருந்தாள். போன் அடித்தாள், எடுக்கவில்லை. இரண்டு தெரு தாண்டி அவள் வீட்டுக்கு ஓடினாள்.

கதவு திறந்திருந்தது. பிள்ளை மடியில், ஸ்பூன் அதன் உதட்டருகே. கஷாயக்கா எட்டித் தட்டிவிட்டாள். ஸ்பூன் சுவரில் பட்டு விழுந்தது.

“நீங்களே குடுத்துட்டு நீங்களே தட்டி விடறீங்களா? எம் புள்ளைன்னா அவ்ளோ இளக்காரமாக்கா?”

“முன்னாடி ஏதாவது குடுத்தியா?”

“இல்ல. இப்பத்தான் எழுந்தான். இதான் மொத ஸ்பூன்.”

கஷாயக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க அந்தப் பெண் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

“இதுகூடத் தெரியாமதான் ஊருக்கெல்லாம் குடுக்கறீங்களா?”

கஷாயக்கா எழுந்து, தான் கொடுத்த பாட்டிலை எடுத்து வாசல் சாக்கடையில் கவிழ்த்தாள்.