தார்ப்பாய்க் குளம்

“நம்ம பாப்பம்மா வீடு குளமாயிட்டாம்லா. இந்த வருசம் மீன் குத்தகைய யாரு எடுப்பா?”

ஜெராக்ஸ் கடை வாசலில் நின்ற இருவரில் ஒருவர் இப்படிக் கேட்டார். உள்ளே நகலெடுத்துக்கொண்டிருந்த செண்பகவல்லி, பாப்பம்மாளின் மகள். கையிலிருந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வாசல் கதவில் சுண்ணாம்பால் ‘நீர்நிலை’ என்று எழுதியிருந்தது. அம்மா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

ஊரை மேலிருந்து பார்க்கும் பொறுப்பு போன வருடத்திலிருந்து பொறியியல் கல்லூரியின் பார்வை இயந்திரத்திடம் இருந்தது. செயற்கைக்கோள் எடுத்த படத்தைப் பார்த்து, இது வயல், இது கட்டடம் என்று அது சொல்லும். தாலுகா அலுவலகம் அப்படியே எழுதிக்கொள்ளும். கல்யாண மண்டபத்தை உப்பளம் என்று சொன்னது. அதிலிருந்து முகூர்த்த நாட்களில் உப்பு எடைபோட ஓர் ஆள் வந்து, சாப்பிட்டுவிட்டுப் போனார். பெண்கள் பள்ளி மைதானத்தை வாழைத்தோட்டம் என்று சொன்னது. பிள்ளைகள் விளையாட்டு வகுப்பில் வரிசையாக, இடைவெளி விட்டு, அசையாமல் நிற்கப் பழகிக்கொண்டார்கள். ஐப்பசி மழையில் ஓடு உடைந்ததும் பாப்பம்மாள் கூரைமேல் நீலத் தார்ப்பாய் விரித்துக் கட்டியிருந்தாள். காற்றில் அது நன்றாகவே அலையடித்தது.

குளத்துக்குள் குடியிருப்பது ஆக்கிரமிப்பு. வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும் என்று தாலுகா அலுவலகத்தார் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அம்மாவுக்கும் மகளுக்கும் வேறு வீடு கிடையாது.

“தார்ப்பாயக் கழட்டிட்டா என்னம்மா?”

“அதையும் கேட்டுட்டேன்டி. குளத்த மூடினா ஜெயிலாம்.”

மறுநாள் செண்பகவல்லி கல்லூரிக்குப் போனாள். இயந்திரத்தைப் பழக்கியவர் பேராசிரியர் எட்வின். நல்ல மனிதர், உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார்.

“சார், அது எங்க வீடு” என்றாள். பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் அது.

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். அவள் வீட்டுக் கூரைமேல் சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகப் பூசியிருந்தது.

“செவப்பா இருக்கிற இடமெல்லாம் அது உத்துப் பார்த்த இடம். ஒரு மூலை விடலை பாருங்க. நீங்க உங்க வீட்ட என்னைக்காவது இவ்வளவு கவனமா பார்த்திருக்கீங்களா?”

யோசித்துப் பார்த்தாள். “இல்ல சார்.”

“அது தொண்ணூத்தேழு சதவீதம் குளம்னு சொல்லுது. நீங்க வீடுன்னு எத்தனை சதவீதம் சொல்லுவீங்க?”

எதையும் நூறு என்று சொல்வது திமிர் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் செண்பகவல்லி. கொஞ்சம் குறைத்து, “தொண்ணூறு இருக்கும் சார்” என்றாள்.

அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். ஆனாலும் நியாயமாக நடக்க வேண்டும் என்று, நேரில் பார்த்துவர இரண்டு ஆராய்ச்சி மாணவர்களை அனுப்பினார். அவர்கள் உச்சிவெயிலில் வந்து சேர்ந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் வந்தவர்களைப் பாப்பம்மாள் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. அன்றைக்குக் கெண்டை மீன் குழம்பு. இருவரும் இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு, ‘மீன் உண்டு’ என்று கல்லூரிக்குச் செய்தி அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை தலையாரி வந்தார். முகத்தில் சிரிப்பு.

“அக்கா, ஒங்களுக்கு மாற்று இடம் வந்துட்டு. ஊருக்குத் தெக்க, கிழக்கப் பார்த்த மனை.”

ஊருக்குத் தெற்கே இருந்தது பெரிய குளம். கரையிலிருந்து கரைவரை ஆகாயத்தாமரை படர்ந்து பச்சையாகக் கிடந்ததால், இயந்திரம் அதைக் காலிமனை என்று சொல்லியிருந்தது.

“ஆழம் எவ்வளவு தம்பி?”

“இடுப்பளவுதான். மொழங்கால் அளவு மனையெல்லாம் தெரிஞ்சவங்களுக்குப் போயிட்டு.”

“இன்னும் கொஞ்சம் ஓரமா பாத்துக் கொடுத்திருக்கலாம்லா?”

“நீங்க முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்க்கா.”

வெள்ளிக்கிழமை காலை, நல்ல நேரம் பார்த்து, பாப்பம்மாள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். உயரமான ஸ்டூல் ஒன்றை நட்டு, அதன்மேல் அடுப்பை வைத்துப் பால் காய்ச்சினாள். பேராசிரியர் பேண்ட்டை மடித்துவிட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பரிசாகப் பிடித்துக்கொண்டு நின்றார். மாட்டச் சுவர் இல்லாததால் கடைசிவரை அவரே பிடித்துக்கொண்டிருந்தார். “புது வீட்டுல தண்ணிக் கஷ்டமே வராது” என்று கரையிலிருந்து யாரோ சொன்னார்கள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது.

பக்கத்து மனையில் ஒரு நாரை முன்பே குடிவந்திருந்தது. ஒற்றைக் காலில் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

செண்பகவல்லி முதல் டம்ளர் பாலை எடுத்துக்கொண்டு, ஆகாயத்தாமரையை விலக்கி நடந்துபோய், பேராசிரியரிடம் இரண்டு கையாலும் நீட்டினாள்.