வாகைமரத்தடியில் ஐந்து பேர்

ஹரல்ட் ஓடாவியார் ஒரு மரம் செய்வதற்கு மூன்றாவது தடவையாக முயன்றுகொண்டிருந்தார். கதவும் கட்டிலும் அலுமாரியும் செய்து பழகிய கைக்குச் ஒரு சாண் உயரத்தில் வாகை மரம் வந்து வாய்ப்பதாக இல்லை. உளி பட்டால் கொப்பு முறிந்தது. கொப்பைக் காப்பாற்றினால் மரம் விளக்குமாறு மாதிரி நின்றது. மனைவி தெல்மா சற்று நேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் குசினிக்குப் போனாள். காய்ந்த பீர்க்கங்காய்க் கூடு ஒன்றைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் தோய்த்து, தென்னை ஈர்க்குத் துண்டு ஒன்றில் குத்திக்கொண்டு வந்தாள். அசல் வாகை மரம்.

"இதுக்குத்தானா முப்பது வருசம் ஓடாவியா இருந்தீங்க?"

"இன்னும் நாப்பது மரம் வேணும். கதையை விட்டுப்போட்டு பீர்க்கங்காயைக் கொண்டுவா" என்றார் ஹரல்ட்.

பட்டறையின் நடுவில் ஆறடி நீளப் பலகை ஒன்று முக்காலிகளின் மேல் கிடந்தது. அதில் பாதிக்கு நீலம் பூசியாகிவிட்டது. அது வாவி. மற்றப் பாதியில் மட்டக்களப்பு நகரத்தின் கரையோரம் எழும்பிக்கொண்டிருந்தது. சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி ஆறு மாதம். வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பெரியவர்கள் நகரத்தைத் திருத்த வரப்போகிறார்கள் என்று, திட்ட அலுவலகத்து யோகராசா வரைபடத்தைக் கொடுத்து, எட்டு நாளில் மாதிரி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

திட்டத்தில் ஹரல்டுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதினைந்து வருடமாகச் சண்டைக்குத் தப்பி வந்த சனமெல்லாம் நகரத்தில்தான் ஒதுங்கியது. வடிகான்களோ இரண்டு தலைமுறைக்கு முந்திய ஊருக்கு வெட்டியவை. மாரியில் ஒரு பகல் மழை பெய்தால் அவருடைய பட்டறைக்குள்ளேயே சீவல்தூள் மிதக்கும். புதுத் திட்டத்தில் அகலமான வடிகான், கரையோர மரங்கள், நடைபாதை, சைக்கிள் பாதை, விளக்குக் கம்பங்கள் எல்லாம் இருந்தன. கெட்டிக்காரன் எவனோதான் கீறியிருக்கிறான் என்று அவர் தெல்மாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

அன்று பின்னேரம் வாவிக் கரையில் மீன் விற்கிற சின்னத்தங்கம் தன் வெட்டுப் பலகையைச் செப்பனிட்டு வாங்க வந்தாள். வந்தவள் பலகையை மறந்துபோனாள்.

"ஆத்த! இது நம்மட ஊரெல்லுவா? இந்தா மணிக்கூட்டுக் கோபுரம். இந்தா பாலம். இது... ஓடாவி அண்ணே, இது எங்கட வாகை மரமா?"

"ஓம். அந்தப் பெரிய மரத்தை வெட்டயில்ல. அப்படியே விட்டிரிக்காங்க."

"நல்ல மனுசர்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து மரத்தடியைப் பார்த்தாள். அங்கே ஹரல்ட் தீக்குச்சியால் செய்து ஒட்டிய, உட்காருவதற்கான ஒரு சின்ன வாங்கு இருந்தது. வாங்குக்குப் பக்கத்தால் சைக்கிள் பாதை போனது. சின்னத்தங்கம் பலகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு மறுபக்கத்தால் ஒரு சுற்று.

"மறுகா நாங்க எங்க?"

ஹரல்ட் கண்ணாடியை மூக்கில் ஏற்றி வரைபடத்தைப் பார்த்தார். மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். "இதில இல்ல, தங்கம்."

சின்னத்தங்கம் அந்த மரத்தடிக்கு வந்து பதினொரு வருடம். ஷெல்லடிக்குத் தப்பி, கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து இரண்டு பெண்பிள்ளைகளோடு வாவியைக் கடந்து வந்து தோணியால் இறங்கிய இடமே அதுதான். இறங்கிய இடத்திலேயே மூன்றாம் நாள் மீன் விற்க இருந்துவிட்டாள். வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரைத் தோணிகள் இன்றைக்கும் அங்கேதான் வந்து முட்டும். மணலை மீனும் ஓரா மீனும் துடிக்கத் துடிக்கக் கைக்கு வரும். ஐஸ் கிடைத்தால் கிடைத்தது, கிடைக்காவிட்டால் இல்லை. ஐஸில்லாத நாளில் மீனைக் காப்பது அந்த மரத்து நிழலும், எட்டி அள்ளினால் வரும் வாவித் தண்ணீரும்தான். வெயிலில் வைத்தால் ஒன்பது மணிக்கே செவிள் வெளிறிவிடும். பிறகு பூனைதான் வாங்கும். அந்த நிழலில்தான் மூத்தவளைக் கட்டிக்கொடுத்தாள். இளையவள் வந்தாறுமூலைக் கெம்பசில் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

"நீங்கதானே இந்த ஊரைச் செய்யிறீங்க? எங்களையும் ஒள்ளுப்பம் வைச்சா என்ன?"

"நான் எங்க செய்யிறன்? கீறித் தந்ததைச் செய்யிறன்."

"ஒரு கதை கேக்கன். அலுமாரிக்கு முதல்ல சின்னதா ஒண்டு செய்து காட்டுவீங்களே. அதில இரிக்கிற இழுப்பு லாச்சி பெரிசில இல்லாமப் போயிரிக்கா?"

"அதெப்படிப் போகும்? மாதிரியில இரிந்தா இரிக்கத்தான் வேணும். இல்லாட்டி ஓடாவியெண்டு என்னத்துக்கு?"

"அதைத்தான் நானும் சொல்றன்!"

ஹரல்ட் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் வாயாலேயே மாட்டிக்கொண்ட மனிதர் வேறென்ன செய்வார்! தெல்மா கதவடியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இந்தாங்க, அந்த வாங்கைக் கிளப்புங்க. ஆக்களை நான் செய்யிறன்" என்றாள். நத்தாருக்குக் கோயில் குடிலில் வைக்கிற இடையர்களையும் ஆடுகளையும் வருடாவருடம் கடதாசிக் கூழில் செய்கிறவள் அவள்தான்.

அடுத்த நாள் மரத்தடி முழுவதும் பட்டறைக்கு வந்துவிட்டது. மொத்தம் ஐந்து பெண்கள். நாலு பேர் மீன்காரிகள். ஐந்தாவது றஸீனா, கச்சான் கடலை விற்பவள். ஒவ்வொருத்தியாகத் தெல்மாவுக்கு முன்னால் குந்தியிருந்து முகம் காட்டினார்கள். சின்னத்தங்கம் வெற்றிலைச் சிவப்பை மறக்கக் கூடாது என்றாள். மங்கையற்கரசிக்குத் தன் உருவத்தின் இடுப்பைப் பார்த்து ஆறவில்லை.

"இவ்வளவு பெரிசாகா நான்? ஒள்ளுப்பம், ஒரு நூலளவு, வழிச்சு விடுங்க, தெல்மாக்கா."

"வழிச்சா நீயெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றாள் சின்னத்தங்கம்.

றஸீனா தன் முக்காடு காற்றில் விலகாமல் இருக்க வேண்டும் என்றாள். கடதாசிக் கூழ் முக்காடு எந்தக் காற்றில் விலகப்போகிறது! ஆனாலும் தெல்மா ஒரு துளி பசை கூடுதலாக வைத்தாள். பெருவிரல் நகமளவு மீன் பாத்திரங்களும், குடைக் கம்பிக்குப் பதிலாக ஊசி குத்திய ஒரு கறுப்புக் குடையும் கடைசியில் வந்தன. பீர்க்கங்காய் மரத்தடியில் ஐந்து பேரும் இருந்தார்கள். அவர்களுக்காக ஹரல்ட் சைக்கிள் பாதையை ஒரு சாண் வளைத்து விட்டிருந்தார்.

எட்டாம் நாள் யோகராசா வந்தான். கல்லடிப் பக்கத்துப் பொடியன். நாலைந்து வருடமாகச் சின்னத்தங்கத்திடம் மீன் வாங்குகிறவன். வளைந்த பாதையைப் பார்த்தான், குனிந்தான், நிமிர்ந்தான்.

"ஓடாவியார், இது பிளானில இல்லையே."

"பசை காஞ்சிட்டு, சேர்" என்றார் ஹரல்ட், மூஞ்சியை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

யோகராசா இன்னொரு தடவை குனிந்தான். அந்தச் சிவந்த வாயைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "சின்னத்தங்கம் அக்காவே உயிரோட இரிக்கிற மாதிரி! சரி, விடுங்க. பெரியவர் கேட்டா நான் ஏதும் சொல்லிச் சமாளிக்கன்."

மண்டபத்தில் கூட்டம் நடந்த அன்று தேத்தண்ணி பரிமாறும் வேலை தெல்மாவுக்குக் கிடைத்தது. ஆகவே மரத்தடிக்காரிகளுக்கு யன்னலோரம் கிடைத்தது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வாவியைப் பார்க்கவில்லை, வடிகானைப் பார்க்கவில்லை, விளக்குக் கம்பங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே மரத்தடிக்கு வந்து கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கமெராவை எடுத்தாள். அவள் எடுத்ததைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். அலுவலகத்துப் பெரியவர் யோகராசாவின் முதுகில் தட்டினார். யோகராசா வெளியே வந்ததும் யன்னலோரத்தார் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன தம்பி சொல்றாங்க?"

"இதுதான் இந்தத் திட்டத்தின்ட உயிராம், அக்கா! இவங்க இந்த இடத்தில கட்டாயம் இரிக்க வேணுமாம். அப்படியே எழுதிட்டாங்க."

மங்கையற்கரசி இடுப்பை மறந்து ஒரு துள்ளுத் துள்ளினாள். அன்று மாலை ஹரல்ட் வீட்டுக்கு ஒரு முழுக் கொடுவா வந்தது. தெல்மா மிளகு போட்டுப் பொரித்தாள். ஹரல்ட் வயலினை எடுத்து, நத்தாருக்கு மட்டும் வாசிக்கிற ஆட்டப் பாட்டை ஆவணி மாதத்தில் வாசித்தார். றஸீனா சுளகு நிறையக் கச்சான் கொட்டினாள். "எழுதிட்டாங்களாம்" என்று சின்னத்தங்கம் வருவோர் போவோருக்கெல்லாம் சொன்னாள். பதினொரு வருடத்தில் எவரும் அவளை எங்கும் இருக்கச் சொல்லி எழுதியதில்லை. எழும்பச் சொல்லித்தான் எழுதியிருக்கிறார்கள். அவளுக்குக் கண் கலங்கியது. வெங்காயத்தைச் சாட்டினாள்.

மாரி முடிந்து தை பிறந்ததும் வேலை தொடங்கியது. வடிகான் வெட்டினார்கள்; கல் பதித்தார்கள்; கரையைச் சுற்றி இரும்பு வேலி போட்டார்கள். வேலை முடியுமட்டும் றோட்டுக்கு அங்கால், பஸ் நிற்கும் மதிலோரமாக இருக்கும்படி சொன்னார்கள். ஐந்து பேரும் முகம் சுளிக்காமல் எழும்பிப் போனார்கள். வீடு கட்டும்போது கொட்டிலில் இருப்பதில்லையா? மதிலோரம் காலையிலிருந்தே வெயில். தோணி இப்போது பாலத்தடியில்தான் முட்டியது. மீன் தலைச்சுமையில் வந்தது. சாக்கை நனைத்து மூடினாலும் பத்து மணிக்குமேல் தாங்கவில்லை. வழக்கமாக வருகிறவர்கள் செவிளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சந்தைப் பக்கம் நடந்தார்கள். இளையவள் கெம்பஸ் விடுதியை விட்டுச் செங்கலடி பஸ்ஸில் தினமும் போய் வரத் தொடங்கினாள்.

"கொஞ்ச நாள்தானே. ஆனிக்கு முடிஞ்சிடுமாம்" என்றாள் சின்னத்தங்கம்.

சித்திரையில் யோகராசா மாதிரியைத் திரும்பப் பட்டறைக்கு ஏற்றிக்கொண்டு வந்து, தெல்மா செய்த ஐந்து உருவங்களையும் தரச் சொன்னான். மேசன்மாருக்கு மாதிரிக்கு வேண்டுமாம். ஹரல்ட் கவனமாகக் கிளப்பிப் பஞ்சில் வைத்துக் கொடுத்தார். செய்தி மதிலோரத்துக்குப் போனபோது அங்கே ஒரே கும்மாளம்.

"பாத்தியாகா? இருக்கைக்கு அளவெடுக்காங்க!" என்றாள் சின்னத்தங்கம். "மங்கை, உனக்கு மட்டும் ஒண்டரை அளவு!"

ஆனியில் திறப்பு விழா. மங்கையற்கரசி கழுத்துக்குப் பவுன் சங்கிலி போட்டிருந்தாள். சின்னத்தங்கம் புதுச் சேலை கட்டி, புது அலுமினியப் பாத்திரம் ஒன்றையும் இடுப்பில் வைத்திருந்தாள். நல்ல நேரத்தில் இடத்தில் வைத்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். வாகை மரத்தடியில் பெரிதாக எதையோ படங்குத் துணியால் மூடியிருந்தார்கள். நாடா வெட்டினார்கள். படங்கை இழுத்தார்கள்.

மரத்தடியில் ஐந்து சீமெந்துப் பெண்கள் இருந்தார்கள். ஆளைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக, வர்ணம் பூசி, சீமெந்துப் பாத்திரங்களில் சீமெந்து மீன்களோடு இருந்தார்கள். மேலே சீமெந்துக் குடை. றஸீனாவின் முக்காடுகூட அப்படியே. நடுவில் இருந்தவளின் வாய் வெற்றிலைச் சிவப்பு.

சனம் கை தட்டியது. "சின்னத்தங்கம் அக்காவேதான்!" என்று யாரோ கத்தினார்கள். முதலில் சிரித்தவளும் அவள்தான். கன்னத்தில் கைவைத்துச் சிரித்தாள். கிட்டப் போய்த் தன் சீமெந்து மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பாத்திரத்தை வைப்பதற்கு இடம் தேடினாள். மரத்தடி நிறைந்திருந்தது.

"பாத்திரத்தோட உள்ளுக்கு வரப்படா, அம்மா" என்றான் புதுச் சீருடைக் காவலாளி. அவன் காட்டிய பலகையில் மீன் விற்கத் தடை என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.

யோகராசா கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். அவள் நேரே அவனிடம் போனாள்.

"மறுகா எங்கட இடம், தம்பி?"

அவன் சப்பாத்தைப் பார்த்தான். "அது... இதுதான் அக்கா. நானும் இருக்கையெண்டுதான் நினைச்சன். மேலிடத்தில இப்படி விளங்கிட்டாங்க."

ஹரல்ட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மாதிரியில் இருந்தது எதுவும் விடுபடவில்லை. சைக்கிள் பாதையும் அவர் வளைத்த அதே வளைவில் போனது. தெல்மா அழுதாள்.

சின்னத்தங்கம் அழவில்லை. அடுத்த நாள் காலையில் மதிலோரம் சாக்கு விரித்தாள். மங்கையற்கரசி தன் உருவத்தின் இடுப்பைப் பற்றி ஏசினாள். றஸீனா தன் உருவத்தைச் சும்மா நிழலில் இருத்தி வைத்திருப்பதற்கு வாடகை கேட்கப்போவதாகச் சொன்னாள். சிரித்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் உள்ளே போய்ச் சீமெந்துப் பெண்களின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தார்கள். ஒரு காகம் சீமெந்து மீனை இரண்டு கொத்துக் கொத்திவிட்டு, றோட்டைக் கடந்து சின்னத்தங்கத்தின் பாத்திரத்துக்கு வந்தது.

"சூ! அங்க அவளுகள் ஐஞ்சு பேரும் வித்துத் தீராம வைச்சிரிக்காளுகள், அங்க போ!"

பதினொரு மணிக்கு வெயில் தார் றோட்டை உருக்கியது. மணலையின் கண் குழி விழத் தொடங்கியது. சாக்கு காய்ந்துவிட்டது. வாளியில் தண்ணீர் இல்லை. வாவிக்கு வேலியைச் சுற்றி அரை மைல் நடக்க வேண்டும். உள்ளே, நிழலில், காவலாளி குழாயைத் திருகி, வர்ணம் வெடிக்காமல் இருக்கச் சீமெந்துப் பெண்களை நனைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்கு நனைக்கும்படி அவனுக்கு உத்தரவு. சீமெந்து மீன்கள் பளபளத்தன.

"தம்பி! எண்ட மீனுக்கும் ஒள்ளுப்பம் அடியன்!" என்று சின்னத்தங்கம் கூவினாள்.

காவலாளி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தான். பெரியவர்கள் யாருமில்லை. வேலி வரைக்கும் தண்ணீர் ரியூப்பை இழுத்து, அதன் வாயைப் பெருவிரலால் அமத்தி உயர்த்திப் பிடித்தான். தண்ணீர் வேலிக்கு மேலால் வளைந்து வந்தது. ஐந்து பெண்களும் பாத்திரங்களை நீட்டினார்கள். அது றோட்டின் நடுவில் விழுந்து, சனம் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே காய்ந்தது.