நாவல்பழ நிறப் பெட்டிகள்

“உம்மா, நம்ம சிடி பேசுறது இந்தப் பெட்டிக்குப் புரியலையா?” என்று ஹமீதா பானு கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. மகள் முன்னால் அழுதுவிடக் கூடாதென்று அனீஸா ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

கீழ்வேளூர் கடைத்தெரு மாடியில் அந்த அறையை அவள் பெண்களுக்காகவே எடுத்திருந்தாள். கம்ப்யூட்டர் படிக்கப் பெண்களை நாகப்பட்டினத்துக்கு அனுப்ப வீடுகளில் சம்மதமில்லை. அனீஸா சொல்லித் தந்தால் சரி என்றார்கள். துபாயில் அவள் தம்பி உபைதுல்லா வேலை பார்த்த அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்தார்கள். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். அவன் எட்டை வாங்கிக் கார்கோவில் போட்டுவிட்டான். பெருநாள் கழிந்த திங்கட்கிழமை வகுப்பு என்று ஊருக்கே சொல்லியாயிற்று. தஞ்சாவூரில் வாங்கிய, கம்ப்யூட்டரை ஓடவைக்கும் லினக்ஸ் என்ற நிரலின் சிடியைப் போட்டால் ஒரு பெட்டிகூட எழுந்திருக்கவில்லை.

பழைய இரும்புக்கார நல்லக்கண்ணு படியில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். “உள்ள இருக்கறதைக் கழட்டிட்டாத் தொட்டியாக்கி மீன் வளக்கலாங்க. எடுத்துக்கட்டுமா?”

“திங்கக்கிழமை வாங்கண்ணே. அதுக்குள்ள எழுந்திருக்கலேன்னா தூக்கிட்டுப் போங்க.”

சிடி உறையில் ஒரு போன் நம்பர் இருந்தது. எடுத்தவர் சாரங்கபாணி. தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் வேலை. நண்பர்களோடு சேர்ந்து இந்தச் சிடிகளைப் பரப்புகிறவர்.

“பெட்டி எப்படிம்மா இருக்கு?”

“நாவப்பழக் கலர்ல சார். டிவியும் பெட்டியும் ஒண்ணா ஒட்டினாப்புல.”

அவர் சிரித்துவிட்டார். “அதுல மூளை மாதிரி இருக்கிற ப்ராசஸரே வேறம்மா. பவர்பிசின்னு பேரு. நீங்க போட்டது இன்டெல் ப்ராசஸருக்குக் கட்டினது. ரெண்டும் லினக்ஸ்தான், ஆனா உள்ள போற கட்டளை வேற.”

“அப்ப பழைய இரும்புக்குத்தானா சார்?”

“யாரு சொன்னா? இதோட நிரலை யார் வேணும்னாலும் எடுத்து மாத்தலாம். எந்த நாட்டுலயோ நாலு பேர் உக்காந்து உங்க பெட்டிக்கும் மாத்திக் கட்டி வச்சிருக்காங்க. கூலி கிடையாது. நான் இறக்கித் தரேன், இருங்க.”

அன்றைய இணைய வேகத்தில் அதை இறக்கவே அவருக்கு நாலைந்து நாளாயிற்று. ஞாயிற்றுக்கிழமை, கீழ்வேளூர் வழியாக நாகப்பட்டினம் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் சிடிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, பஸ் நம்பரைப் போனில் சொன்னார். படைத்தவன் தன் உதவியைப் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள் கையில்தான் கொடுத்தனுப்புகிறான்.

“வெயில் படக் கூடாதுன்னாரு,” என்றார் கண்டக்டர், பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து. “என் சாப்பாட்டுப் பையில வச்சிருந்தேன். கொஞ்சம் புளிசாத வாசம் அடிக்கும், பரவாயில்லீங்களா?”

உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: ‘பெட்டியைப் போட்டதும் மணி ஒலிக்கும். அப்போது ஆங்கில சி எழுத்தை அழுத்திப் பிடிக்கவும்.’

அழுத்திப் பிடித்தாள். கறுப்புத் திரையில் வரி வரியாக ஓடியது. பிறகு நீலம் விரிந்து, ஓரத்தில் தமிழ் எழுத்துகள் வந்து நின்றன. ஹமீதா பானு கை தட்டினாள்.

திங்கட்கிழமை எட்டுத் திரைகளும் ஒளிர, பெண்கள் இடம் போதாமல் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வண்டியோடு வந்த நல்லக்கண்ணு வாசலிலேயே வெகுநேரம் நின்றார்.

“என்னண்ணே, மீன் வாங்கிட்டு வந்தீங்களா?”

“அட போம்மா,” என்றவர் குரலைத் தணித்தார். “எம்பொண்ணு பத்தாவது முடிச்சிருக்கு. சேத்துக்குவீங்களா?”

சில வருடங்களில் அறைக்குப் புதிய இன்டெல் கம்ப்யூட்டர்கள் வந்தன. பழையவை பரணேறின. அப்போது லினக்ஸ்காரர்கள் மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் மடற்குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது: பழைய பவர்பிசியில் லினக்ஸின் புதிய பதிப்பைப் போட்டுப் பார்த்துச் சொல்ல ஆளில்லை, யாரும் முன்வராவிட்டால் அந்த ப்ராசஸரைக் கைவிட வேண்டியதுதான்.

அனீஸாவுக்கு இனி அது தேவையில்லை. ஆனால் எங்கோ ஒருத்தி அதே பெட்டி முன்னால் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை, வகுப்பு இல்லை, ஆண்கள் பள்ளிவாசலில். கடைத்தெருவே ஓய்ந்திருந்தது. பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் தூசி துடைத்து, புதிய பதிப்பை ஏற்றினாள். திரை வந்தது; ஒலி வரவில்லை. எங்கே தடுக்கிறதென்று தேடிப் பார்த்து, அறிவிப்பில் இருந்த படிவத்தில் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பொறுமையாக எழுதினாள். பெயர் கேட்ட இடத்தில் ஊர்ப் பெயரை மட்டும் போட்டாள்.

அனுப்பிவிட்டு, தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளூச் செய்யக் குழாயடிக்குப் போனாள்.