மருமகன் சகாயராஜ்

வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதத்தில், ஒரே ஒரு வாரம். எனக்குச் சொந்த ஊர் என்பது அவ்வளவுதான். புனேயில் என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காது. நானும் மகள் பெனிட்டாவும் மட்டும் விழுப்புரத்தில் என் தம்பி சகாயராஜ் வீட்டுக்கு வந்து இறங்குவோம். வந்ததும் முதல் வேலையாகத் திண்டிவனம் போய் அம்மாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இந்த முறை தம்பி என்னைத் திண்டிவனம் பக்கமே விடவில்லை. வெயில் என்றான். பிறகு திருவக்கரைக்குக் கல்மரம் பார்க்க அழைத்துப் போனான். கோட்டக்குப்பம் கூட்டிப்போய்ப் பிரியாணியும் கடலும் காட்டினான். பெனிட்டாவுக்கு வாயெல்லாம் பல். கட்டின பெண்டாட்டியைக்கூட இப்படி ஊர் சுற்றிக் காட்டாதவன் அவன். அந்தப் பெண்டாட்டி அமலாவோ வேளைக்கொரு குழம்பு வைத்து, "இன்னொரு கரண்டி ஊத்திக்கங்க அண்ணி" என்று என்னைத் திணறடித்தாள். அவள் அம்மா லூர்துமேரி பிப்ரவரியில்தான் தவறியிருந்தார். அப்போது என்னால் வர முடியவில்லை. போனிலேயே அழுதேன்.

அதே சமயத்தில்தான் தம்பி போனில், "அம்மா கல்லறைய எடுத்துக் கட்டலாம்னு இருக்கேன்க்கா. உனுக்குச் சம்மதந்தான?" என்று கேட்டான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெறும் சிமெண்ட் மேடாகக் கிடந்த அம்மாவுக்கு இப்போதாவது விடிந்ததே என்று புனேயில் அக்கம்பக்கமெல்லாம் பெருமையடித்தேன். போட்டோ அனுப்பச் சொன்னால், "நேர்ல வந்து பாரு" என்றான்.

நேரில் பார்க்கத்தானே வந்திருந்தேன்? ஒரு நாள் காலை அவன் வேலைக்குப் போனதும், கடைக்குப் போவதாக அமலாவிடம் சொல்லிவிட்டு மகளோடு திண்டிவனம் பஸ் ஏறினேன்.

அம்மாவின் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். கல்லறைத் தோட்டத்தில் தண்ணீர்க் குழாய்க்கு நேர் எதிரே, சுவரோரம். அங்கே கறுப்பு கிரானைட் பளபளத்தது. மேலே ஒரு புறா. அதன் கீழே ஒரு விவிலிய வசனம். நடுவில் 'லூர்துமேரி' என்ற பெயர். அடியில், 'அன்பு மகள் அமலா, மருமகன் சகாயராஜ்.'

இடம் தவறிவிட்டேனோ என்று அந்த வரிசை முழுக்க நடந்தேன். மறுபடி குழாய்க்கே வந்து நின்றேன். இருதயமேரி என்ற என் அம்மாவின் பெயர் எங்குமே இல்லை.

"ஆயா எங்கம்மா?" என்று கேட்டாள் பெனிட்டா. பெற்ற மகன் தன் அம்மாவின் இடத்தில் மருமகனாகப் பெயர் போட்டுக்கொண்டு நிற்கிறான்.

அந்தத் தோட்டத்தில் புது இடம் கிடையாது. குடும்பத்துப் பழைய குழியைத் திறந்து, அதிலேயே அடுத்தவரை அடக்குவதுதான் எங்கள் வழக்கம். ஆனால் அது குடும்பத்துக்குள். தம்பியின் கல்யாணப் பந்தியில் எங்கள் ஆட்களுக்குக் கறி தீர்ந்துபோனது என்று, சாகும்வரை லூர்துமேரியோடு முகம் கொடுத்துப் பேசாதவள் என் அம்மா. அந்த இரண்டு பேரையும் ஒரே குழியில் போட்டிருக்கிறான் பாவி.

சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது தம்பி கூடத்தில் நின்றிருந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"உன்னக் கேட்டுக்கினுதான செஞ்சேன்க்கா."

"கட்டப் போறேன்னு கேட்ட. தொறக்கப் போறேன்னு கேட்டியா?"

"சொன்னா ஒத்துக்குவியா? அவங்களுக்குன்னு தனிக் குழி ஏது? பொணத்த வச்சிக்கினு நான் எங்க போவேன்? ரெண்டு பேருமே அம்மாதான?"

"எனக்கு ஒரு அம்மாதான்டா. அவ பேரு எங்க?"

"கல்லுல எடம் பத்தல."

"புறாவுக்கு மட்டும் எடம் இருந்துச்சா?"

அமலா அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். "எங்கம்மாவுக்கு என்ன வுட்டா யாரு இருக்காங்க அண்ணி? நீங்க வருசத்துக்கு ஒரு வாட்டி வந்து ஏத்திட்டுப் போய்டுறீங்க. மத்த நாள்ல உங்கம்மாவுக்கும் நாந்தான மெழுகுவத்தி ஏத்தினேன்?"

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. அதனாலேயே என் கோபம் இரண்டு மடங்கானது.

குழியைத் திறந்தால் பழைய எலும்புகளைப் பொறுக்கி, வெள்ளைத் துணியில் கட்டி, புதுப் பெட்டியோடு சேர்த்து வைப்பார்கள். மூத்தவர்கள் என்றால் தலைமாட்டில் வைப்பார்கள். அதுதான் மரியாதை.

"அம்மாவத் தலமாட்டுலதான வச்ச?" என்று கேட்டேன்.

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். "பெட்டி நீளமாப் போச்சிக்கா. அந்தாண்ட எடம் இல்ல."

"அப்ப?"

"கால்மாட்டுல."

"யாரு கால்மாட்டுல? வாயத் தொறந்து சொல்லு."

"அத்த கால்மாட்டுல," என்றான்.

எங்கள் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன். லீவு இன்னும் மீதி இருந்தது. ஸ்டேஷனில் கிடந்தாலும் கிடப்பேன், அந்த வீட்டில் இனி ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது.

தம்பி ஆட்டோ வரைக்கும் கூடவே வந்தான். கண் கலங்கியிருந்தது. "அடுத்த மே மாசம் வருவ இல்லக்கா?"

"யாரப் பாக்க?" என்றேன்.