தள்ளிப்போட்ட ஆபரேஷன்

நாற்பத்திரண்டு பேருக்கு போன் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது, மறுபடி எப்போது என்று இப்போது சொல்ல முடியாது, காத்திருங்கள். ஆபரேஷன் தியேட்டரின் தலைமை நர்ஸ் கையில் பட்டியலைத் திணித்துவிட்டு, நிற்கக்கூட நேரமில்லாமல் ஓடிவிட்டார் கண்காணிப்பாளர். தொற்று ஊருக்குள் நுழைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆறு தியேட்டர்களில் ஐந்தைப் பூட்டி, அவற்றிலிருந்த மூச்சுக்கருவிகளையெல்லாம் வார்டுகளுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

ஆபீஸ் போன் ஓயாமல் எங்கேஜாகவே இருந்ததால் நர்ஸ் தன் செல்போனிலிருந்தே கூப்பிட்டாள். சிலர் அழுதார்கள், சிலர் சண்டைக்கு வந்தார்கள். பெரும்பாலானவர்கள் அப்பாடா என்று போனை வைத்தார்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே எல்லோரும் நடுங்கிய நாட்கள் அவை.

பதினேழாவது ஆள் ஒரு லிஃப்ட் மெக்கானிக். குடலிறக்கம். அடிவயிற்றுத் தசை விட்டுக்கொடுத்து, அந்த ஓட்டை வழியாகக் குடல் புடைத்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது.

"ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் மேல ஏத்திவிடறவன் நான். என் குடல் மட்டும் கீழயே இறங்குது பாருங்க சிஸ்டர்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தணித்து, "முன்னைக்கு இப்ப வலி கொஞ்சம் ஜாஸ்திதான். முன்னெல்லாம் படுத்தா தானா உள்ள போயிடும். இப்ப கையால தள்ள வேண்டியிருக்கு" என்றார்.

அந்த வார்த்தையை அவள் டாக்டரிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். இன்னும் இருபத்தைந்து பேர் பாக்கி இருந்தார்கள். வாயில் மனப்பாடமாக உட்கார்ந்துவிட்ட பதில்தான் வந்தது. "இது அவசரமில்லாத ஆபரேஷன்ங்க. பாரம் தூக்காதீங்க. பயப்படாதீங்க." பெயருக்கு எதிரே ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினாள்.

பயப்படாதீங்க என்று ஊருக்கெல்லாம் சொன்னவளுக்கே வீட்டை நினைத்தால் பயம். அவள் கணவருக்குச் சிறுநீரகம் மாற்றி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அவருடைய அக்கா கொடுத்தது. அதை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க அவர் சாப்பிடும் மாத்திரைகள் நோயெதிர்ப்புச் சக்தியையே தட்டி உட்காரவைப்பவை. சாதாரணச் சளி வந்தாலே பத்து நாள் படுக்கை. அவள் வீட்டுக்குப் பின்வாசல் வழியாக நுழைந்து, குளித்து, தனி அறையில் சாப்பிட்டு, சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுவாள். "கல்யாணத்துக்கு முன்னாடிகூட நாம இவ்வளவு தள்ளி நின்னதில்லடி" என்பார் அவர் அந்தப் பக்கத்திலிருந்து. சிரித்துவிட்டு, அவர் இருமுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள்.

லிஃப்ட்காரரிடம் பேசிய பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு அவள் செல்போன் அடித்தது.

"சிஸ்டர், லிஃப்ட் மெக்கானிக்கோட சம்சாரம் பேசறேன். நீங்க கூப்பிட்ட நம்பர் இதுல இருந்தது. நேத்து சாயங்காலத்துலேர்ந்து வாந்தி. அந்தக் கட்டி கல்லு மாதிரி ஆயிடுச்சு. தொடவிட மாட்டேங்கறாரு."

"காத்து பிரியுதா?"

"இல்லையே. நேத்திலேர்ந்தே இல்ல."

அவளுக்குப் புரிந்துவிட்டது. குடல் அந்த ஓட்டையில் மாட்டிக்கொண்டு, ரத்த ஓட்டம் இல்லாமல் நெரிபடுகிறது. "உடனே கூட்டிட்டு வாங்கம்மா."

"வரமாட்டேங்கறாரே. அங்க போனா பொட்டலமாக் கட்டித்தான் அனுப்புவாங்க, வீட்டுலயே போயிடறேங்கறாரு."

"போனை அவர் காதுல வைங்க." முனகல் சத்தம் கேட்டது. "அண்ணா, அன்னிக்கு வரவேண்டாம்னு சொன்னவ நான்தான். இப்ப நானே கூப்பிடறேன். வரலைன்னா இன்னிக்குப் பொழுது தாங்காது. நான் உள்ள இருப்பேன், உங்க பக்கத்துலயே."

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அன்று தியேட்டர் முறை அவளுடையதில்லை. முறைக்காரியை அனுப்பிவிட்டு அவள் வெளியே நின்றிருக்கலாம்.

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். மனைவியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மூக்கில் குச்சியை விட்டு மாதிரி எடுத்தாயிற்று, முடிவு வர நான்கு மணி நேரம். சர்ஜன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அதுவரைக்கும் இவர் தாங்கமாட்டாரு. தொற்று இருக்குன்னே வச்சுக்கிட்டு செய்வோம்" என்றார்.

கை கழுவுமிடத்தில் அவள் சொல்லிவிட்டாள். "சார், அன்னிக்கே வலி ஜாஸ்தின்னு சொன்னார். நான் உங்ககிட்ட சொல்லல."

சர்ஜன் சோப்பைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "சொல்லியிருந்தாலும் அன்னிக்கு நானும் தள்ளித்தான் வச்சிருப்பேன் சிஸ்டர்." அது மெய்யா, அவளுக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. தெரியாததே இன்னும் கனமாக இருந்தது.

ஏ.சி.யை அணைத்திருந்தார்கள். பாதுகாப்பு உடைக்குள் வியர்வை முதுகில் வழிந்து இறங்கியது. தொண்டையில் குழாய் இறக்கும் நேரம்தான் எமன் எதிரே நிற்கும் நேரம், நோயாளியின் மூச்சு நேராக முகத்தில் அடிக்கும். மயக்க டாக்டரம்மா சர்ஜனை வெளியே அனுப்பினார். வயிறு நிறைய வாந்தி தேங்கியிருந்ததால், குழாய் இறங்கும்வரை ஒருவர் குரல்வளைக் குருத்தை அழுத்திப் பிடித்தே ஆக வேண்டும். விட்டால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். அந்த ஒருவர் அவள்தான்.

லிஃப்ட்காரரின் கண்கள் மட்டும் இங்குமங்கும் தேடின. உடைக்குள் யார் யாரென்று தெரியவில்லை. "போன்ல பேசின சிஸ்டர் யாரு?"

"நான்தான் அண்ணா."

மருந்து ஏறியது. அவள் ஒரு கையால் அவர் கழுத்தைப் பின்னாலிருந்து தாங்கி, மறு கை விரல்களால் அழுத்தினாள். டாக்டரம்மா குழாயோடு குனிந்த அந்த நொடியில் லிஃப்ட்காரர் உடம்பு குலுங்க ஒரு முறை இருமினார். முகக்கண்ணாடியில் தூறல் விழுந்தாற்போல் துளிகள். அவள் வெடுக்கென்று முகத்தைத் திருப்பியதில் மாஸ்க்கின் ஒரு பட்டி காதோரம் நழுவியது. வியர்த்த கன்னத்தில் காற்று சில்லென்று பட்டது.

காற்று உள்ளே வருகிறது. அவளுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. ஒரு கையை எடுத்து மாஸ்க்கை அழுத்தினால் போதும். சாத்திய கதவும், அதன் பின்னால் கேட்ட சிரிப்பும் கண்ணுக்குள் வந்து நின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"விடாதீங்க சிஸ்டர், இன்னும் விடாதீங்க."

அவள் விடவில்லை. நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கடைசியில் தாங்காமல் ஒரு முறை மூச்சை இழுத்தேவிட்டாள். "இறங்கிடுச்சு" என்றார் டாக்டரம்மா. அதன் பிறகுதான் கையை எடுத்தாள். மாஸ்க்கை மாற்றிக்கொண்டு வந்து, உள்ளே திரும்பிய சர்ஜனிடம் கத்தியை எடுத்துக் கொடுத்தாள்.

குடல் கத்திரிக்காய் நிறத்தில் கறுத்துக் கிடந்தது. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, ரத்தம் திரும்புகிறதா என்று பத்து நிமிடம் காத்திருந்தார்கள். துணியை விலக்கியபோது ஓரங்கள் சிவந்திருந்தன, நடுவில் ஒரு சாண் நீளம் சிவக்கவே இல்லை. அதை வெட்டியெடுத்து இரண்டு முனைகளையும் இணைத்தார் சர்ஜன். தையல் முடிந்து கட்டுப் போடும்போது கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. "ரிசல்ட் பாசிட்டிவ்."

பதினான்கு நாள் அவளை நர்ஸ் விடுதியின் மூலை அறையில் அடைத்தார்கள். தொற்றினால் வாசனை தெரியாமல் போகும் என்பதால் மணிக்கு ஒரு முறை சோப்பை முகர்ந்து பார்ப்பாள். முகர்ந்து முகர்ந்து, வாசனை நிஜமாக வருகிறதா, வருவதாக நினைத்துக்கொள்கிறோமா என்றே புரியாமல் போயிற்று. ஐந்தாம் நாள் தொண்டை கரகரத்தபோது சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். கணவரிடம் மட்டும், "நல்லா தூங்கறேங்க" என்றாள்.

சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. மற்ற நாற்பத்தோரு பேருக்கும் மறுபடி போன் போட்டாள். இந்தத் தடவை வலி எப்படி, ரத்தம் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மூன்று பேரை உடனே வரச்சொல்லிவிட்டு சர்ஜனிடமும் சொன்னாள். ஒரு வீட்டில் மகள் எடுத்து, "அம்மா போய் நாலு நாளாச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அன்று அவள் வேறு யாரையும் கூப்பிடவில்லை.

அவளுக்குத் தொற்றவில்லை. இரண்டு முறை சோதித்தும் நெகட்டிவ். லிஃப்ட்காரர்தான் ஒன்பது நாள் ஆக்சிஜனில் இழுத்துக்கொண்டு கிடந்தார். ஆபரேஷன் ஆன இருபத்துமூன்றாம் நாள், இடுப்பில் பேன்ட் நிற்காத அளவுக்கு மெலிந்து, வார்டு வாசலில் மனைவிக்காகக் காத்திருந்தார். அவள் போய் எதிரே நின்றாள்.

"அண்ணா, நீங்க வலின்னு சொன்னப்பவே டாக்டர்கிட்ட நான் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்."

அவர் நழுவிய பேன்ட்டை இடுப்பில் இழுத்துப் பிடித்துக்கொண்டார். "நானும் பாதிதான் சொன்னேன் சிஸ்டர். முழுசா சொன்னா வரச்சொல்லிடுவீங்களோன்னு பயம்."

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். பதினாறு வயதுப் பெண், குடல்வால் வெடித்திருக்கிறது, மயக்கம் கொடுக்கும்போது குரல்வளையை அழுத்திப் பிடிக்க ஆளில்லாமல் நிற்கிறார்கள். சோதனை முடிவு இன்னும் வரவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது. மாஸ்க்கின் பட்டிகளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, அவள் உள்ளே போனாள்.